பெரியப்பா உயிலில் எழுதிய நிலம்

பெரியப்பா உயில் எழுத உட்கார்ந்தால் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வார். காகிதம் பறந்துவிடுமாம். சித்திரை வெயிலில் வியர்வை சொட்டச் சொட்ட அவர் சொல்லிக்கொண்டே போவார், நான் எழுதிக்கொண்டே போவேன். கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. தம்பி மகன் இருக்கும்போது வெளியாளுக்கு எதற்குக் கூலி என்பது அவர் நியாயம். சொந்தக்காரர்களில் யார்மேலாவது கோபம் வந்தால் பழைய உயில் கிழியும், எனக்கு ஆள் வரும். பூஜைச் சாமான் யாருக்கு, கறவை மாடு யாருக்கு என்பதெல்லாம் தடவைக்குத் தடவை மாறும். மாறாத வரி ஒன்றுதான்: ஆற்றங்கரை நஞ்சை முழுவதும் என் ஒரே மகளுக்கு. அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் அந்த நிலம் அவர் பேரில் இல்லை.

ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நில உச்சவரம்பைப் பாதியாகக் குறைத்துச் சட்டம் வந்தபோது, எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் செய்ததைத்தான் பெரியப்பாவும் செய்தார். இருந்ததிலேயே நல்ல நிலத்தை, மூன்று போகம் விளைகிற ஆற்றங்கரை நஞ்சையை, பெரியம்மாவின் தம்பியான தன் மைத்துனர் பேருக்கு எழுதி வைத்தார். பத்திரத்தில் மைத்துனர் வாங்கியதாக இருக்கும், விதை விடுவதும் அறுப்பதும் பெரியப்பாவாக இருக்கும். தன் பேரில் அவர் வைத்துக்கொண்டது மேட்டுப்பக்கத்து நிலம். அதில் இருந்த குத்தகைக்காரர் கூலிப் போராட்டத்தின்போது வரப்பில் செங்கொடி நட்டவர், பிறகு தாலுகா ஆபீசில் தன் குத்தகையைப் பதிவும் செய்துகொண்டார், இனி அவரை வெளியேற்ற முடியாது. அன்றோடு பெரியப்பா அந்த நிலத்தைத் தலைமுழுகிவிட்டார். அதையும் உயிலில் சேர்க்கட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், போன நிலத்தை எழுதி மையை வீணாக்காதே என்பார்.

எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! மேட்டு நிலத்துக்கு இன்னமும் நீங்கள்தான் சொந்தக்காரர், குத்தகை நெல் உங்களுக்குத்தான் வருகிறது, ஆற்றங்கரைதான் உங்களுடையது இல்லை என்று தொண்டை வறளச் சொல்வேன். சட்டம் படித்த என் வக்கீலே அவரைத் தேடி வந்து சொல்லிப் பார்த்தார். பெரியப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: “கோர்ட்டுல திரியிறவனுக்கு மண்ணைப் பத்தி என்னடா தெரியும்? அந்த நிலத்துல என் கால் படாத இடம் இருக்கா?” இதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

இத்தனையும் அக்காவுக்காக. பெரியப்பாவின் மகள், என்னைவிட மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் பிறந்த வீட்டுக்கு வந்தவள், பெரியம்மா காலமானபின் அவருக்குச் சமைத்துப்போட்டு, கால் அமுக்கி, வேளைக்கு மாத்திரை கொடுத்தவள். அவருக்குப் பிறகு அவள் எதை வைத்து உலை வைப்பாள் என்பதுதான் கேள்வி. அது அவருக்கும் தெரியும்.

மைத்துனர் நல்ல மனிதர். ஒரு தை மாதம் அவராகவே வந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அத்தான், எனக்கு நெஞ்சு சரியில்ல. நான் இருக்கறப்பவே அதைப் பாப்பா பேருக்கு எழுதிக் குடுத்துடறேன். பசங்க எப்படி இருப்பானுவன்னு சொல்ல முடியாது.”

காலில் விழாத குறையாக நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

“என் நிலத்தை என் பொண்ணுக்கு எழுதிக் குடுக்க நீ யாருப்பா? அதான் உயில்ல எழுதி வெச்சிருக்கேன்ல?”

மைத்துனர் கையெழுத்துப் போட்டால், அதுவரை அது அவருடையது என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பெரியப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வந்தவர் காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்த தைக்கு அவர் இல்லை. பிள்ளைகள் பட்டாவைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொண்டார்கள் என்று நான் ஓடிவந்து சொன்னபோதும், பெரியப்பா மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு அதே வரியைத்தான் சொன்னார்.

அவர் போனபின் உயிலை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் மைத்துனர் வீட்டுக்குப் போனோம். பிள்ளைகள் மரியாதைக் குறைவாக எதுவும் பேசவில்லை. கடைசி வரி வரை படித்தார்கள். மூத்தவன் அதை மடித்து அக்காவிடமே கொடுத்து, அப்பா கிரயம் வாங்கிய நிலத்துக்கு அத்தை வீட்டுக்காரர் எப்படி உயில் எழுத முடியும் என்று கேட்டான். நான் வருஷக்கணக்கில் கேட்ட கேள்விதான் அது. திரும்பும் வழியெல்லாம் செத்துப்போன மனிதரை வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வந்தேன், அக்கா தடுக்கவில்லை.

உயிலில் எழுதாமல் விட்ட மேட்டு நிலம், ஒரே வாரிசு என்பதால், அவளுக்குத் தானாக வந்து சேர்ந்தது. குத்தகைக்காரர் இப்போது இல்லை, அவருடைய மகன் அறுப்பு முடிந்ததும் நெல்லைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான். அந்த நெல்லைப் பெரியப்பா ஒருநாளும் வீட்டுக்குள் விட்டதில்லை. வாசலோடு வியாபாரிக்குப் போட்டுவிடுவார். அந்தச் சோறு தன் தொண்டையில் இறங்காது என்பார்.

போன வருஷம் அவர் திதிக்குப் போயிருந்தேன். பெரியப்பா படத்துக்கு முன்னால் அக்கா தலைவாழை இலை போட்டு, சோற்றைக் குவித்து, நெய் ஊற்றினாள். இது மேட்டு நிலத்து அரிசியா என்று மெதுவாகக் கேட்டேன்.

“வேற எது இருக்கு? சாப்பிடட்டும்” என்றாள் அக்கா.