ரிஜெக்ட் அக்கா போட்ட முயல்

அந்தத் தையல் கம்பெனியில் அவளுக்கு ஒரே பெயர்தான், ரிஜெக்ட் அக்கா. சம்பளச் சீட்டில் வேறு ஏதோ எழுதியிருக்கும், அது யாருக்குத் தெரியும்! தையல் மெஷின் லைனின் கடைசியில், டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு வெள்ளை மேசை. கழுத்தில் இஞ்ச் டேப். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். பழுது இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, "ரிஜெக்ட்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவாள். விளக்கமெல்லாம் கிடையாது. கெஞ்சினாலும் அதேதான், திட்டினாலும் அதேதான்.

பதினேழு வயதில் நூல் பிசிர் வெட்ட வந்தவள். மெஷினில் உட்கார வேண்டும் என்றுதான் அவளுக்கும் ஆசை. ஆனால் இரண்டாம் வருஷம், பிசிர் வெட்டும்போது ஒரு குழந்தைக் கவுனின் உள்பக்கம் விரலை ஓட்டியவளுக்குச் சுருக்கென்று ஏதோ குத்தியது. உடைந்த ஊசி முனை. மூன்று செக்கர்கள் பார்த்து பாஸ் போட்ட கவுன் அது! மறுநாளே மேனேஜர் அவளை மேசைக்கு மாற்றிவிட்டார். அன்றிலிருந்து எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பாள். வெளிப்பக்கம் வாங்குகிறவனுக்கு, உள்பக்கம்தான் தனக்கு என்பாள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அவள் பாஸ் போட்ட துணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்த மிதப்பு அவளுக்கு உண்டு, இருக்கட்டுமே, சும்மா வந்ததா என்ன?

வம்பு காலர்க்காரியால் வந்தது. காலர் வைப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். ஒரு நாள் அவளுடைய ஒன்பது சட்டைகள் சிவப்பு அம்போடு திரும்பி வந்தன. கட்டோடு தூக்கிக்கொண்டு வந்து மேசையில் பொத்தென்று போட்டாள்.

"குறை சொல்றது ரொம்ப சுலபங்க. நீங்க ஒரு பொருளை முழுசா செஞ்சு காட்டுங்க பார்ப்போம். அதுக்கப்புறம் என் காலரைத் தொடுங்க!"

லைன் முழுக்க மெஷின் நின்றது. அக்காவுக்குச் சுரீரென்றது. ஒட்டிய அம்பில் ஒன்றைக்கூட எடுக்காமல் கட்டை அப்படியே திருப்பித் தள்ளினாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. எதைத் திருப்பினாலும் "நீங்க போட்டுக் காட்டுங்க அக்கா" என்று ஒரு குரல், பின்னாலேயே ஒரு சிரிப்பு. இரண்டு பேர் திருத்தாமலே துணியை மறுபடி கட்டுக்குள் செருகிவிட்டார்கள். சூப்பர்வைசர் வேறு, "கொஞ்சம் பார்த்துப் போங்கம்மா" என்று இவளுக்கே புத்தி சொன்னார். செக்கரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விட்டால் அந்த மேசையில் உட்கார்ந்து என்ன பயன்? தூங்க முடியவில்லை அவளால்.

ஒரு பொருளை முழுசாகச் செய்து காட்டியே தீருவது என்று முடிவெடுத்தாள். வீட்டில் மெஷின் கிடையாது. கடைக்குப் போனவள் கண்ணில் பட்டது நுனியில் கொக்கி வைத்த ஒரு குரோஷே ஊசியும், சாம்பல் நிறக் கம்பளி நூல்கண்டும். போனில் ஒரு வீடியோ, முயல் பொம்மை போடுவது எப்படி என்று. "புதுசா கத்துக்கிறவங்களுக்கு ரொம்ப ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்!" என்று ஒரு பெண் கொஞ்சினாள். நன்றாகச் சொன்னாள் ஈஸி என்று! நூலை விரலில் சுற்றி ஒரு வளையம், வளையத்துக்குள் ஆறு கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆகப் பன்னிரண்டு. அப்புறம் பதினெட்டு, இருபத்துநாலு. சுற்று ஆரம்பிக்கிற கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி அடையாளம் வைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண்.

"எனக்கு எதுக்கு ஊக்கு? என் கண்ணு போதும்" என்றாள் அக்கா.

ஐந்தாவது சுற்றில் எங்கே ஆரம்பித்தோம் என்று கண்ணுக்கே தெரியவில்லை. முயலின் தலை ஒரு பக்கம் மட்டும் வீங்கிக்கொண்டு வந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, முயலுக்குப் பல்வலியா?"

"வாயை மூடுறீங்களா?" உருவிவிட்டு, பீரோவிலிருந்து ஓர் ஊக்கைத் தேடி எடுத்தாள்.

இரண்டு வாரம் வீட்டில் இதே பாடுதான். தலை சரியாக வந்தால் காதில் ஒரு நூல் தள்ளி நிற்கும். ஒரு காது ஏழு சென்டிமீட்டர், மற்றது ஏழரை. ரிஜெக்ட்! உருவு. கால் தைத்த இடத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது. ரிஜெக்ட்! உருவு. புருஷனுக்குப் பொறுக்கவில்லை.

"குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாங்க? விட்டுத் தொலையேன்."

"குற்றம் பார்க்கலைன்னா எனக்குச் சம்பளம் இல்லை. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

கடைசியில் முயல் உட்கார்ந்தது. கறுப்பு நூலில் இரண்டு கண், திமிராக ஒரு மூக்கு. டேப் வைத்து அளந்தாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணுக்கே ஒரு பழுதும் தெரியவில்லை. பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். முயலைக் கொண்டுபோய்க் காலர்க்காரி முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள்.

"நான் போட்டது. செக் பண்ணுங்க. கருணையெல்லாம் வேண்டாம்."

கூட்டம் கூடிவிட்டது. காலர்க்காரி கையைத் துடைத்துக்கொண்டு முயலை எடுத்தாள். காதை இழுத்தாள், கண்ணை நிமிண்டினாள். புருவம் சுருங்கியது. பிறகு மெதுவாக ஓர் அம்பை உரித்து, முயலின் வயிற்றில் ஒட்டினாள்.

"தலையைப் பாருங்க, கண்ணி எல்லாம் சின்னச் சின்ன டிக் மாதிரி இருக்கு. உடம்பைப் பாருங்க, குறுக்கே கோடு கோடா. உடம்பை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி வச்சுத் தச்சிருக்கீங்க!"

கொல்லென்று சிரித்தது கூட்டம். அக்கா பார்த்தாள். ஐயோ, உண்மைதான்! பஞ்சு அடைக்கும் முன்பு, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், உடம்பை உள்ளே வெளியே புரட்டிப் பார்த்திருக்கிறாள். பழுது இல்லை. திருப்தி. புரட்டியது புரட்டியபடியே பஞ்சை அடைத்துவிட்டாள். உள்பக்கத்தையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் சரியாகத் தெரிந்திருக்கிறது. முகம் சிவந்து காது வரை சுட்டது. பொம்மைதானே என்று சொல்லியிருக்கலாம். சட்டை வேறு, முயல் வேறு என்று வாதாடியிருக்கலாம்.

காலர்க்காரிக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. "கழுத்தைப் பிரிச்சுத் திருப்பிக்குங்க, போதும்" என்றாள் தணிந்த குரலில்.

"திருப்பினா கை கால் தச்ச இடம் உள்ளே போயிடும். ஒட்டுவேலை நமக்கு ஆகாது. நீங்க சொன்னது சரி. ரிஜெக்ட்."

சொல்லிவிட்டு, அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, கத்தரியால் தையலை வெட்டிக் கைகால்களைப் பிரித்தாள். பஞ்சைப் பிடுங்கினாள். நூலைப் பிடித்து இழுக்க இழுக்க உடம்பு சுற்றுச் சுற்றாகக் கரைந்தது. சிரிப்பு தானாக நின்றுவிட்டது. சுருண்டு கிடந்த நூலைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மேசைக்குப் போனாள். மதியம் வந்த கட்டுகளில் இருந்த பழுதெல்லாம் வழக்கம்போலத் திரும்பிப் போனது. திருத்தாமல் செருகியவர்கள்கூட அன்று உட்கார்ந்து திருத்தினார்கள்.

நான்காம் நாள் மறுபடி முயல் வந்தது. காலர்க்காரி இந்த முறை அவசரப்படவில்லை. அக்காவின் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி வாங்கிக் காதுகளை அளந்தாள். கண்ணிகளைச் சுற்றுக்குச் சுற்று எண்ணினாள். கையைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின் மணி அடித்தும் அவள் விடவில்லை.

"பாஸ்" என்றாள் கடைசியில். கொஞ்சம் கடுப்போடுதான்.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளுக்குள் அவள் எவ்வளவு உயரத்தில் இருந்தாள் என்று கேட்காதீர்கள், கூரை இடித்திருக்கும்!

அன்று மூன்று மணிக்குக் காலர்க் கட்டு வந்தது. முயலுக்கு பாஸ் போட்டவளாயிற்றே என்று அக்கா ஒரு கண்ணை மூடிக்கொள்வாள் என்று லைனில் சிலர் நினைத்தார்கள். ஏழு சட்டை அம்போடு திரும்பிப் போனது. காலர்க்காரி ஏழையும் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பதினெட்டு வருஷமாக அந்த மேசைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏன் திருப்பினாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

காலர்க்காரி முதல் சட்டையை விரித்து, உள்பக்கத்தைத் திருப்பி வைத்தாள்.

"இந்தப் பழுதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்கக்கா" என்றாள்.