தக்காளி விலை ஒட்டிய புராணம்

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைத்தவர், எனக்குத் தெரிந்து, என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். கல்லூரி விரிவுரையாளர். ஒரு மகள், அவளுக்குக் கீழே ஒரு மகன். பள்ளிக்கூடம் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. மகளோ தினமும் பள்ளி வேன் வரும் நேரத்துக்குச் சரியாக வாசலுக்கு வந்து, அது தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வருடம் புராணம் கற்பிக்க முடிவு செய்தவர், கல்யாண மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு என்னையும் அழைத்துப்போனார். நான் செய்தித்தாளில் உதவி ஆசிரியர். எதை வெட்டுவது என்று தெரிந்தவன். கத்தோலிக்கன் என்பது கூடுதல் தகுதி. "உங்களுக்குப் பாரபட்சம் இருக்காது சார்" என்றார்.

சண்டை, சாபம், சூழ்ச்சி, இரண்டாம் மனைவி எதுவும் இல்லாத புராணம் அவருக்கு வேண்டும். கடைக்காரர் யோசித்தார்.

"அப்பக் கோலப் புத்தகம் தரவா சார்? அதுல யாரும் சண்ட போட மாட்டாக."

கடைசியில் தடித்த தொகுப்பு ஒன்றை வாங்கி அவரே திருத்தினார். ஆகாத வரிகளின் மேல், என்னிடம் வாங்கிய பழைய செய்தித்தாளைத் துண்டுதுண்டாக வெட்டி மைதாப் பசையால் ஒட்டினார். பிள்ளையாரின் தலையை அப்பா வெட்டும் இடத்தில் ஒட்டன்சத்திரம் சந்தை நிலவரம் வந்து உட்கார்ந்தது.

அவர் மனைவிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வடமதுரையில் உரக்கடை வைத்திருந்த தன் அண்ணனைப் பஞ்சாயத்துக்குப் பிடித்தார். "மே மாசம் அண்ணே வரும்போது புள்ளைக ஒரு கதையாச்சும் முழுசாச் சொல்லணும். இல்லேன்னா ஜூன்ல பள்ளிக்கூடம்." விரிவுரையாளர் சம்மதித்தார்.

இடையில் ஒருநாள் அந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப் புரட்டினேன். சந்தை நிலவரத்தின் ஓரத்தில் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. மைதாப் பசையில் பருக்கை வராது. யாரோ ஈரத்துணி வைத்து உரித்துப் படித்துவிட்டு, சோற்றால் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். புத்தகத்தை அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

மே மாதம் அண்ணன் வந்தார். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"சொல்லு தாயி" என்றார் அவர். மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"குளிக்கப் போன அம்மா மஞ்சள்ல ஒரு பையனச் செஞ்சு வாசல்ல காவலுக்கு வச்சாங்க. அப்பா வந்தாரு. பையன் மறிச்சான். ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி வரத்து குறைந்து விலை உயர்ந்தது. அன்னைலருந்து பையனுக்கு யானைத் தலை."

"நடுவுல என்னாச்சு தாயி?"

"தக்காளி வெல ஏறிருச்சு மாமா. புத்தகத்துல அம்புட்டுத்தான் இருக்கு."

தம்பி வாயைத் திறந்தான். "இல்ல மாமா, தலைய…"

அவள் அவன் காலை மிதித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஏன் மாப்ள," அண்ணன் விரிவுரையாளர் பக்கம் திரும்பினார், "தக்காளி வெல ஏறுனா யானைத் தலை மொளைக்குமா? போன மாசம் நான் வேற கிலோக்கணக்குல வாங்குனேன்."

சமையலறையில் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. விரிவுரையாளர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஜூனில் பள்ளி திறந்து பாடப்புத்தகம் கொடுத்த அன்று மாலை அவர் என் வாசலில் நின்றார்.

"பழைய பேப்பர் கொஞ்சம் இருக்கா சார்?"

நான் பதில் சொல்வதற்குள், அவருக்குப் பின்னாலிருந்து, கசங்காத சீருடையில் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அட்டை போடத்தான் மாமா. நானே போட்டுக்கிருவேன்."