பியானோக்காரி நாடகக்காரி ஆன கதை

பியானோ வாசிக்கிறவர் சபைக்குக் காட்டுவது பாதி முகத்தைத்தான். நாடகத்தில் நடிக்கிறவர் முழு முகத்தையும் காட்டியாக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. முப்பது வயதுக்கு மேல் பிழைப்பை மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள். டாக்சி ஓட்டப் போன வாத்தியார், நாசி லெமாக் சோறு விற்கப் போன எஞ்சினியர், நீங்களெல்லாம் நம்ம ஆட்கள். பழைய வேலையின் பழக்கம் உடம்பை விட்டு லேசில் இறங்காது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிறந்தது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார், இப்போது உயிரோடு இல்லை. அம்மா இன்றைக்கும் கொழுந்து வெட்டுகிறார். மாதா கோயில் ஆர்கனில் தொடங்கி, உபகாரச் சம்பளத்தில் வெளிநாடு போய்ப் படித்து, கோலாலம்பூரின் பெரிய அரங்குகளில் தனியாக பியானோ வாசிக்கும் அளவுக்கு வந்தேன். லயத்தில் யாரும் என்னை ரோஸ்லின் என்று கூப்பிட்டதில்லை. "பியானோ வந்திருக்காலா" என்றுதான், எங்கள் பேச்சின் 'லா' வாலையும் ஒட்டிச் சொல்வார்கள். அம்மாவுக்கு அந்தப் பேரைக் கேட்டால் முகம் மலர்ந்துவிடும்.

மற்ற வேலைக்கு

ஒரு கச்சேரியின் நடுவில் என் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கிக்கொண்டன. வலியில்லை, வீக்கமில்லை. நீளச் சொல்கிறேன், கேட்கவில்லை. மீதி விரல்களை வைத்து எப்படியோ ஒப்பேற்றி முடித்தேன். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகு ஊசி, பயிற்சி, ஊர் ஊராக டாக்டர்கள். முதலில் பியானோவில் மட்டும் மடங்கிய விரல்கள் பிறகு சும்மா இருக்கும்போதும் மடங்கின. குளிர் பட்டால் இன்னும் மோசம். கடைசியாகப் பார்த்த டாக்டர் நல்ல மனுஷி. என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பியானோவை விட்டுவிடுங்கள் என்றார். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, ஆறுதலாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார்: "கவலைப்படாதீங்க, மற்ற வேலைக்கெல்லாம் இந்தக் கை போதும்."

எந்த மூலைக்கு

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து என்னைக் கத்தி தொடவிடாதவர் அவர். பாத்திரம் கழுவ விடமாட்டார், விறகு தூக்க விடமாட்டார். "ஒன் கை வேற வேலைக்கு" என்பார். தன் விரல் இடுக்கெல்லாம் தேயிலைக் கறையோடு என் விரலைப் பொத்திப் பொத்தி வளர்த்தவரிடம், அது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? "மேடை அலுத்துப்போச்சும்மா" என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஃபாதர் ஆர்கன் வாசிக்கக் கூப்பிட்டார். முடியாது என்றேன். ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் வலது கையை விட்டபடி பூசை முழுக்க நின்றேன். இந்த மலையில் பாக்கெட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு திரிகிறவளை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. குளிருக்கு என் நன்றி. அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் பூப்போட்ட சின்னக் கப்புகளெல்லாம் மேசையிலிருந்து காணாமல் போயின. அவற்றின் கைப்பிடிக்குள் ஒரு விரல்தான் போகும். பதிலுக்குப் பிரிஞ்சாங் இரவுச் சந்தை, பாசார் மாலாமிலிருந்து அம்மா இரண்டு பெரிய கப்புகள் வாங்கி வந்திருந்தார். கை முழுக்க உள்ளே போகிற அகலமான பிடி. நல்லாத்தானேம்மா இருந்தது பழையது, ஏன் மாற்றினீர்கள் என்றேன். அம்மா தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இந்தக் குளிருக்கு அந்தச் சின்னக் கப்பு எந்த மூலைக்குலா?"

சுவர்ப் பக்கம்

கோலா தெர்லாவில் காய்கறி ஏற்றும் லோரி வைத்திருக்கும் மாறன் அண்ணன் ஒரு நாடகக் குழு நடத்துகிறார். கதை, வசனம், டைரக்‌ஷன், லோரி எல்லாமே அவர்தான். குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கக் கேட்டு வந்தார். வாசிக்க மாட்டேன் என்றேன். மறு வாரமே திரும்பி வந்தார். அவர் குழுவின் கதாநாயகி கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டாளாம். "வாசிக்க வேணாம், நடிங்க" என்றார். வீட்டில் சும்மா உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருந்தது. சரி என்றேன்.

ஒத்திகை அவருடைய காய்கறிக் கொட்டகையில், கோஸ் அடுக்கிய கூடைகளுக்கு நடுவில். எனக்கு வசனம் ஒரு நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. மனப்பாடம் செய்தே வளர்ந்தவள்தானே. ஆனால் என்ன செய்தும் நான் ஜனங்கள் உட்காரும் பக்கம் திரும்பவில்லை. இருபது வருடம் வலது தோளைச் சபைக்குக் காட்டி உட்கார்ந்த உடம்பு, மேடை என்றதும் தானாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. அழும்போதும் பக்கவாட்டில் அழுதேன். அந்தக் கோணத்தில் நின்றால் வலது கைதான் முன்னால் தெரியும் என்பதால் அதை முந்தானைக்குள் வேறு சுருட்டிக்கொண்டேன். மாறன் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கோஸ் கூடை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "தங்கச்சி, அந்தப் பக்கம் செவருதான் இருக்கு. ஜனங்க இங்க இருக்காங்கலா."

தெரிஞ்சதைச் சொல்லும்மா

முதல் நாடகம் ஒரு தோட்டத்து டேவானில், அதாவது பொது மண்டபத்தில். தகரக் கூரை, மடக்கு நாற்காலி, பின்னால் மைலோ கலக்கும் சத்தம். சங்கீதத்தில் ஓய்வு என்று ஒன்று உண்டு. சத்தத்தை நிறுத்தி அமைதியையும் வாசிக்க வேண்டும். பெரிய அரங்கில் அந்த அமைதியில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் என் முதல் சோக வசனத்துக்கு முன்னால் அப்படி ஓர் அமைதியை வைத்தேன். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மாவுக்கு மனம் தாங்கவில்லை. நான் வசனத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து எழுந்து நின்றார். டேவான் முழுக்கக் கேட்கிற மாதிரி, ஆனால் அன்பாகச் சொன்னார்: "பயப்படாதம்மா, தெரிஞ்சதைச் சொல்லு."

செத்தவளுக்குப் பொன்னாடை

பெரிய அரங்குகளில் தாமதமாக வருகிறவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். நம்மிடம் தாமதமாக வருகிறவர்தான் பிரமுகர். அவர் வந்தால் நாடகத்தை நிறுத்தி, மேடைக்கு அழைத்து, மாலை போட்டு, அவர் கையால் எல்லா நடிகர்களுக்கும் பொன்னாடை போர்த்தச் சொல்ல வேண்டும். இது நம் ஊர் வழக்கம், யாரும் மாற்றப்போவதில்லை. ரிங்லெட் பக்கம் ஒரு டேவானில் நான் செத்துக் கிடந்தேன். என் கணவனாக நடித்த சேகர் என் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார். அவர் கியா பார்மில் ஸ்ட்ராபெரி கடை வைத்திருப்பவர், அழுதால் நிறுத்தமாட்டார். அப்போது பிரமுகர் வந்தார்.

மைக்கில் என் பேரைக் கூப்பிட்டதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. செத்தவள் எழுந்து நின்றேன். பொன்னாடை போர்த்திய கையோடு பிரமுகர் குலுக்குவதற்கு வலது கையை நீட்டினார். இடது கையைக் கொடுத்தால் மரியாதைக் குறைவு. வலது கையைக் கொடுத்தால் அந்த மடங்கிய விரல்கள் அவர் உள்ளங்கையில் இடிக்கும், அடுத்த நாள் மலை முழுக்கப் பேச்சாகும், அம்மா காதுக்குப் போகும். கையைப் பொன்னாடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கச்சேரியில் குனிகிற மாதிரி இடுப்பு வரை குனிந்தேன். பிறகு போய்ப் படுத்து மறுபடியும் செத்தேன். திரை விழுந்ததும் சேகர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன்க்கா எழுந்தீங்க? படுத்தே கெடந்திருந்தா அவரே வந்து மேல போர்த்தியிருப்பாரு, அதுதானே மொற?"

ரெண்டு கையும்

மாறன் அண்ணன் போன வருடம் ஒரு நாடகம் எழுதினார். வேலை ஓய்ந்த ஒரு தோட்டத்துக் கிழவியை லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அவள் மேனேஜரிடம் போய்த் தன் கைகளை நீட்டிக் காட்டுகிறாள். கிழவி நான். "ரெண்டு கையும் நீட்டணும் தங்கச்சி" என்றார். ஒரு கை போதாதா என்று கேட்டேன். "ஒத்தக் கையால யாரு கொழுந்து கிள்ளுனா?" என்றார். இடது கையை நீட்டி வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஒத்திகையை ஓட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

நாடகம் எங்கள் தோட்டத்து டேவானில், ஞாயிறு பிற்பகலில் நடந்தது. அதுவரை அம்மாவை நான் ஒரு நாடகத்துக்கும் வரவிட்டதில்லை. ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவேன். இது சொந்தத் தோட்டம், என்ன சொல்லித் தடுப்பது? முன்வரிசையில் கொழுந்து வெட்டும் பெண்களோடு அம்மா உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. என் இரண்டு விரல்களும் காலையிலிருந்தே இறுகிக் கிடந்தன.

அந்தக் காட்சி வந்தது. "தொரே, இந்தக் கையப் பாருங்க. ஒங்க மலை பூரா இந்தக் கையிலதான் இருக்கு" என்று சொல்ல வேண்டும். இடது கையை நீட்டினேன். சொல்லிக்கொண்டே ஜனங்களைப் பார்த்தேன். முன்வரிசையில் அத்தனை பெண்களும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெடித்த விரல், கோணிய விரல், நகம் போன விரல். ஒருத்தியும் மறைத்துவைக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தானைக்குள்ளிருந்து வலது கையையும் எடுத்து நீட்டினேன். விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அன்றைக்குத்தான் நான் உடம்பை முழுசாகத் திருப்பி ஜனங்கள் முன்னால் நின்றேன். டேவானில் ஒரு அமைதி வந்தது. மைலோ கலக்குகிற சத்தமும் நின்றுவிட்டது. இந்தத் தடவை யாரும் எழுந்து எனக்குத் தைரியம் சொல்லவில்லை.

நாடகம் முடிந்து வேஷத்தோடு கீழே இறங்கினேன். அம்மாவோடு கொழுந்து வெட்டும் லெட்சுமி அக்கா ஓடி வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எப்படிம்மா வெரல அப்படி மடக்கி வெச்ச? எங்க பெரியம்மா கை கடைசில இப்படித்தான்லா இருந்துச்சு, அச்சு அசல்" என்றார். பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, ஏனென்றால் பக்கத்தில் அம்மா வந்து நின்றிருந்தார். அம்மா மெதுவாக என் கையை அவரிடமிருந்து வாங்கித் தன் சால்வைக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்சம் அலட்சியமான குரலில், பெருமை அடித்துக்கொள்கிற தாயைப் போலச் சொன்னார்: "ரொம்ப நாளா வீட்ல பழகிக்கிட்டு இருந்தா லெட்சுமி. பியானோ வாசிச்ச கையில்ல, எது சொன்னாலும் செய்யும்."

லயத்துக்கு நடந்து வரும்போது மழை விட்டிருந்தது. அம்மா என் கையை விடவில்லை. அந்த இரண்டு விரல்களையும் தன் உள்ளங்கையில் வைத்து, குளிர்ந்த பிள்ளையைத் தேய்ப்பது போலத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். எப்போதிலிருந்தும்மா தெரியும் என்று கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், வழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கப்ப மாத்துனேனே, எதுக்குன்னு நெனச்ச?"

ஊர் இப்போது என்னை நாடகக்காரி என்று கூப்பிடுகிறது. ஆனால் இத்தனை வருடம் ஒரே மேசையில் என் எதிரே உட்கார்ந்து, ஒத்திகையும் கைதட்டலும் இல்லாமல் ஒன்றும் தெரியாதவராக நடித்த இன்னொருவர், நாளைக் காலையிலும் வழக்கம்போலக் கொழுந்து வெட்டப் போவார்.