உரக்கடைக்காரரின் நோட்டு

இலவச சாஃப்ட்வேருக்கும் ரெய்டு வரும் என்று நான் நம்பினேன். அதுவும் அது இலவசம் என்று நானே பேசிக்கொண்டிருந்தபோது.

யார் வேண்டுமானாலும் எடுத்து வெப்சைட் கட்டிக்கொள்ளலாம் என்கிற சாஃப்ட்வேர் அது. அதைப் பயன்படுத்தும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு குழு தொடங்க ஆசைப்பட்டு, வில்லியனூர் டியூஷன் சென்டர் ஒன்றில் முதல் கூட்டம் போட்டேன். ஏழு பேர் வந்தார்கள். கடைசி பெஞ்சில் முழுக்கைச் சட்டை, காதில் பேனா, மடியில் நீள நோட்டு என்று ஒருவர். யாராவது சந்தேகம் கேட்டால் போதும், பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டார். திருட்டு சாஃப்ட்வேர் பிடிக்க ஏதோ கம்பெனி அனுப்பிய ஆள்தான் என்று முடிவுகட்டி, சாஃப்ட்வேர் இருந்த என் பென்டிரைவைப் போண்டாவுக்கு வைத்திருந்த சட்னிக்குள் அமுக்கினேன்.

டீ நேரத்தில் நைசாகப் போய், "சார் எந்த ஆபீசு?" என்றேன்.

"ஆபீசா? கிருமாம்பாக்கத்துல உரக்கடை சார். இன்னா, இப்டி வேர்க்குது உனக்கு?"

"இல்ல, பேரெல்லாம் எழுதுறீங்களே..."

"யாருக்கு எங்க சிக்கிச்சின்னு எழுதறேன். ஒதியம்பட்டு பொண்ணுக்குப் போட்டோ ஏறல. ஏறிச்சான்னு அப்பறமா போன் போட்டு கேக்கணும்ல? கேக்க ஆளில்லன்னா அடுத்த கூட்டத்துக்கு எவன் சார் வருவான்? அந்தச் சட்னிய இப்டி தள்ளு."

"தீர்ந்துபோச்சு சார்" என்று கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு யாரையும் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. அவர் நோட்டைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டிருந்தார். அத்தனை பேரும் வந்தார்கள். ஒதியம்பட்டுப் பெண் தன் தங்கையையும் அழைத்து வந்தாள்.

உரக்கடைக்கு இன்றுவரை வெப்சைட் கிடையாது.