ஓ.டி.பி. தர மறுத்த மகள்

பி.இ. சிவில் முடித்த என் மகள் சுகந்தி, எம்.இ.யில் போக்குவரத்துப் பொறியியல் படிக்க விரும்பினாள். கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை உறுதிசெய்யக் கடைசி நாள் பௌர்ணமியாக அமைந்தது. பேராசிரியரின் ஆய்வுக்காக அவள் அடி அண்ணாமலையில் நின்று, கிரிவலம் வருபவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் எழுதித் தந்த பட்டியலுடன் கீழ்பென்னாத்தூரில் உள்ள கணினி மையத்துக்கு நான் போனேன்.

உடன் வந்த மைத்துனன், "ரோட்டுல நின்னு ஆளுங்கள எண்றதுக்கு எதுக்கு மாமா ரெண்டு வருஷப் படிப்பு? கட்டடம் கட்ற படிப்ப மேல போடுங்க" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. கட்டமைப்புப் பொறியியலை முதலிடத்துக்கு மாற்றினேன். மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கீழே உள்ளது கிடைக்காது.

உறுதிசெய்வதற்கான ஓ.டி.பி. அவள் போனுக்குப் போனது. அழைத்துக் கேட்டேன்.

"மொதல்ல லிஸ்ட்ட படிங்கப்பா."

"நீ எழுதினதுதாம்மா. நம்பரச் சொல்லு, டைம் கம்மியா இருக்கு."

"அப்ப படிக்கிறதுக்கு என்னவாம்?"

படித்தேன்.

"மாத்தினது மாமாவா, நீங்களா?"

"நான்தான்."

"பழையபடி மாத்துங்க. அப்புறம் நம்பர் சொல்றேன்."

மாற்றிப் படித்துக் காட்டிய பிறகுதான் சொன்னாள். அவகாசம் முடியப் பத்து நிமிடமே இருந்தது.

இன்று சுகந்தி சென்னையில் ஒரு நிறுவனத்தில் சாலைச் சந்திப்புகளை வடிவமைக்கிறாள். நடந்து போகிறவர்களுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று அவள்தான் கணக்கிடுகிறாள். அதை எல்லோரிடமும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு மகன் கலந்தாய்வுக்குப் பட்டியல் போட்டபோது, விசைப்பலகையை அவனிடம் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்டால் மட்டும் பேசுவது என்றிருந்தேன். அவன் அக்காவுக்குப் போன் போட்டான்.