ஆன்லைன் வந்தால் ஆட்டோவில் யார் ஏறுவது

கோட்டூர்புரம் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகுதான் கழுத்தில் அட்டை தொங்குவதைக் கவனித்தேன். 'கள ஆய்வாளர்' என்று அதில் போட்டிருந்தது. அந்த வேலை சற்று முன்புதான் போயிருந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாம், ஆனால் வெயில். கீழே அடையாறு தன் வாசனையோடு போய்க்கொண்டிருந்தது. மந்தைவெளியில் ஒரு மளிகைக் கடைக் கிடங்கில் நான் இரவில் படுத்துக்கொள்வேன். பையும் அங்கேதான் இருந்தது. எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி பஸ் ஏறிவிடுவது என்று நடந்தேன்.

எனக்கு வேலை கொடுத்திருந்தவர் கல்விக் கொள்கை ஆராய்ச்சி செய்யும் ஒரு அம்மாள். பெற்றோர் எதை வைத்துப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்டடமே இல்லாமல் முழுக்க ஆன்லைனில் நடக்கும் பள்ளி என்றால் பிள்ளையைச் சேர்ப்பார்களா என்பதை வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வீடு மாறியபோது புத்தகப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றியவன் நான். மூச்சு வாங்க ஏற்றும்போதும் வாய் ஓயாததைப் பார்த்து, "நீங்க யார்கிட்ட வேணா பேசுவீங்கபோல" என்றார். அப்பா இறந்த வருஷமே எட்டாவதோடு நின்றுவிட்டவன் என்று சொன்னேன். "கேள்வி கேக்க அது போதும்" என்று சொல்லி, தோற்றம் முக்கியம் என்று இரண்டு சட்டையும் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சட்டைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அது எல்.கே.ஜி. சேர்க்கை நேரம். பெற்றோரை இன்டர்வியூ செய்யக் கூடாது என்று விதி இருப்பதால், "சும்மா பேசலாம், ரெண்டு பேரும் வாங்க" என்று சில பள்ளிக்கூடங்கள் கூப்பிடும். அந்தச் சும்மா பேச்சுக்கு மந்தைவெளியில் மாதக்கணக்கில் மனப்பாடம் நடக்கும். அப்படிப்பட்ட தெருவுக்குள் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அட்டையுமாக ஒருவன் வந்து, எந்தப் பள்ளி பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேட்டால்? பள்ளிக்கூடம் வீட்டுக்கே வேவு பார்க்க ஆள் அனுப்பிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். முதல் வீட்டில் நான் காபி குடித்து முடிப்பதற்குள் தெருக்கோடிவரை செய்தி போய்விட்டது.

இரண்டாவது வீட்டில் டிவியைப் போர்வை போட்டு மூடியிருந்தார்கள். போர்வைக்குள் யாரோ மாமியாரோடு சண்டை போட்டு அழுதுகொண்டிருந்தார்கள். "எங்க வீட்ல டிவியே கிடையாது" என்றார் வீட்டுக்காரர், அழுகைக்கு மேல் குரலை உயர்த்தி. அடுத்த வீட்டில் குழந்தைக்குப் பாகற்காய் என்றால் உயிர் என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும் பாகற்காய்.

ஆன்லைன் கேள்விதான் எல்லோரையும் கலக்கியது. சேர்ப்போம் என்றால் இந்தப் பள்ளி மேல் ஆசை இல்லை என்று ஆகிவிடும். மாட்டோம் என்றால் பழைய காலத்து ஆட்கள் என்று நினைத்துவிடுவார்கள். மயிலாப்பூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமா மட்டும் நிதானமாக இருந்தார். "எங்காத்துல எதுக்கும் ரெண்டு அபிப்பிராயம் வெச்சுண்டிருப்போம். உங்களுக்கு எது சௌகரியமோ அதைப் போட்டுக்கோங்கோ."

கடைசி வீடு ஒரு ஆட்டோக்காரருடையது. தெருப் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றிப் போகிறவர் அவர்தான். அவர் மகளுக்கும் அந்த வருஷம்தான் எல்.கே.ஜி. ஆன்லைன் என்றதும் அவர் யோசிக்கவே இல்லை.

"அல்லாரும் ஆன்லைன்ல படிச்சா நம்ம ஆட்டோவுல எவன் சார் ஏறுவான்? கொரோனா டைம்ல பேட்டரி செத்து, பின்சீட்ல பூனை குட்டி போட்டுச்சு."

அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளியது எனக்கே வலித்தது.

எழுதிய தாள்கள் எல்லாவற்றையும் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மாள் படிக்கப் படிக்க முகம் மாறியது. "ஒரு வீட்லயும் டிவி இல்ல. எல்லாக் குழந்தைக்கும் பாகற்காய் பிடிக்குது. இதை எந்த டீக்கடைல உக்காந்து எழுதினீங்க?"

போர்வைக் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இதை வைத்து ஆராய்ச்சி எதுவும் செய்ய முடியாது, வேறு பகுதியில், வேறு ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். சட்டைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார். தாள்களிலிருந்து ஒன்றே ஒன்றை உருவி, மேசைக்கு எதிர்ச்சுவரில் குத்தினார். பூனை குட்டி போட்ட தாள்.

நந்தனம் பக்கம் இறங்கி, நடந்து மந்தைவெளித் தெருவுக்குள் நுழைந்ததும் அந்த ஆட்டோ குறுக்கே வந்து நின்றது.

"சார், உங்களத்தான் தேடிக்கினு கீறேன். அந்தப் பூனை மேட்டர அடிச்சுட்டு வேற இன்னா வேணா எழுதிக்கங்க. நாளைக்குக் காலையில பாப்பாவுக்கு இஸ்கூல்ல கூப்ட்டுகீறாங்க. உன் வாயாலதான் சீட்டு போவப் போவுதுன்னு வூட்ல சோறே போட மாட்டேங்குது."

"நான் ஸ்கூல் ஆள் இல்லீங்க. இருந்த வேலையே போயிடுச்சு."

"அப்டித்தான் சார் சொல்லணும். புரியுது." கண்ணடித்தார்.

வீட்டுக்கு இழுத்துப் போனார். மனைவி எனக்குத் தட்டு வைத்து மீன் குழம்பு ஊற்றினார். கணவருக்கு இன்னும் தட்டு இல்லை. மகள் என் அட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே இந்தாளக் கேள்வி கேளுங்க சார்" என்றார் மனைவி. "எவ்ளோ சொதப்புதுன்னு பாப்போம்."

சாப்பாடு போட்டவர் கேட்கும்போது மறுக்க முடியவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?" என்றேன்.

"ஒன்லி இங்கிலீஷ் சார்."

"ஏதாவது பேசுங்க."

ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் நீட்டினார். "லெப்ட் கட், ஸ்ட்ரைட்டு, சிக்னல்ல யூ டர்ன்."

"இந்தாள வச்சுக்கினு நா இன்னா பண்றது" என்று அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். அந்தக் குழந்தைக்குச் சீட்டுக் கிடைக்காமல் போனால் அந்த மனிதருக்கு ஆயுசுக்கும் தட்டு கிடைக்காது என்று தோன்றியது.

"இந்தத் தெருவே சொன்னதுல எனக்கு வேலை குடுத்த மேடம் எடுத்து வச்சது ஒண்ணுதான்" என்றேன். "இவரோட பூனை. நாளைக்கும் அதையே சொல்லட்டும்."

"எடுத்து வச்சாங்கன்னா பாஸா, பெயிலா?"

"செவுத்துல குத்தி வச்சிருக்காங்க."

"செவுத்துலயா?" மனைவி கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு கணவருக்குத் தட்டை எடுத்து வைத்தார். "அப்ப பாஸுதான்."

அடுத்த கவலை உடனே வந்தது. காலையில் இரண்டு பேரும் போக வேண்டும், தெருப் பிள்ளைகளை யார் ஏற்றிப் போவது? ஆம்பூரில் ஆட்டோ ஓட்டியிருக்கிறேன், முதலாளி வண்டியை விற்கும்வரை ஓட்டினேன், லைசென்ஸ் இன்னும் பையில் கிடக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஒரே தெருவிலிருந்து ஏழு பிள்ளைகள் ஏறினார்கள். ஏழு பேருக்கும் ஐந்து பள்ளிக்கூடம். ஒன்று லஸ் பக்கம், ஒன்று அடையாறு, ஒன்று தி. நகர். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எங்கம்மாவுக்கும் இவங்கம்மாவுக்கும் ஆவாது அங்கிள். அதான் வேற ஸ்கூல்."

"எங்கப்பா யூனிஃபார்ம் பாத்து சேத்தாரு."

அட்டை போட்டுக்கொண்டு தெருவெல்லாம் அலைந்தபோது இந்தப் பதில்கள் எனக்குக் கிடைக்கவே இல்லை. இதை யோசித்துக்கொண்டே சிவப்பு டை போட்ட பையனை நீல டைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டேன். வாட்ச்மேன் அவனைக் கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து ஏற்றினார்.

திரும்பி வந்தபோது ஆட்டோக்காரரும் மனைவியும் தெருமுனையில் நின்றிருந்தார்கள்.

"சீட்டு குடுத்துட்டாங்க, நாளைக்கே இட்டாரச் சொல்ட்டாங்க" என்றார் ஆட்டோக்காரர். "ஆன்லைன் புடிக்குமான்னு கேட்டாங்க. பூனையச் சொன்னேன். பக்கத்துல இருந்த டீச்சரம்மா சிரிச்சுட்டு, எங்க பொழப்பும் அப்ப அப்டித்தான் இருந்துச்சுன்னாங்க. உங்க ஆளு வூட்டுக்கு வந்தாரு, தங்கமான மன்சன்னும் சொன்னேன். நாங்க யாரையும் அனுப்பலியேன்னாங்க."

"அந்த மேடத்தப் பாத்துக் கண்ணடிச்சுட்டு வந்துகீது சார் இது" என்றார் மனைவி.

அந்தப் பள்ளிக்கூடம் கொட்டிவாக்கத்தில் இருந்தது. ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுல யாரும் அங்க சேக்கல" என்றார் அவர் மனைவி. "நாங்கதான் ஃபர்ஸ்ட்டு."

ஆகவே இனிக் காலையில் அவர் மச்சானின் ஸ்கூட்டரில் மகளை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அதே நேரத்தில் மற்ற பிள்ளைகள் வேறு திசையில் போக வேண்டும். "பசங்க ட்ரிப்ப நீயே பாத்துக்க நைனா" என்றார். சீட்டுக் கிடைத்ததும் 'சார்' போய் 'நைனா' வந்துவிட்டது.

பாண்டிச்சேரி எங்கும் ஓடிவிடாது. எந்த நிற டை எந்த வாசல் என்று அவரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொண்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.