ஏழாம் கட்டத்தில் மிதமான அலை

வானிலை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மின்விசிறி சுற்றினாலும் காற்று வராத கடைசி அறையில், இருபத்தாறு வருடமாக ஒரு பெருங்கடலையே கட்டி மேய்த்தவள் அலையக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கடலைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்படி, அலை எவ்வளவு உயரம், மழை உண்டா என்று காலை ஒன்பது மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அறிக்கை எழுதுவது அவள் வேலை. நடுக்கடலில் போகிற கப்பல்கள் அதைப் படித்துவிட்டுத்தான் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யும். இவ்வளவு கடலை மேய்த்தவள், முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. "மொட்டை மாடில தண்ணி தேங்கி நிக்குது, அதுக்கும் ஒரு அறிக்கை போட்டுடேன்" என்று கணவர் கேலி செய்யாத வாரம் கிடையாது.

வேலையில் மட்டும் யாரும் அவளிடம் வாலாட்ட முடியாது. சேர்ந்த புதிதில் வரைபடத்தைக் கையால் வரைந்தாள். கோடு பிசகினால் பிளேடால் சுரண்டித் திருத்துவாள். பிறகு கணினி வந்தது. அது சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற ஆள் அவள் இல்லை. வெப்பக் கடலில் எல்லாரும் மேகத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். அவள் பயந்தது பளிச்சென்ற வானத்துக்கு. தெற்குக் கோடியில் எங்கேயோ அடித்து ஓய்ந்த புயலின் அலை, நாலைந்து நாள் சத்தமில்லாமல் நடந்து வந்து, வெயிலடிக்கிற கடலில் கப்பலைக் கவிழ்த்துவிடும். அது எந்த நாள் எந்தக் கட்டத்துக்கு வரும் என்று அவள் விரல்விட்டு எண்ணிச் சொன்னால் பெரும்பாலும் தப்பாது.

அவளுக்கு மேலே இருந்த தலைவர் எதற்கெடுத்தாலும் "ஆதாரம் எங்க?" என்று கேட்பார். அதனால் ஆதாரம் என்பதே அவர் பட்டப்பெயர். வயிறு வலிக்கிறது, அரை நாள் விடுப்பு வேண்டும் என்றால்கூட ஆதாரம் கேட்கிற மனிதர்.

போன வருடம் அலையக்கா நான்காம் கட்டத்துக்குக் 'கடும் கொந்தளிப்பு' என்று எழுதினாள். கப்பல்கள் எல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு போயின. உள்ளே ஒரு கப்பலும் போகாததால், உள்ளே என்ன அலை அடித்தது என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை. "ஒன்றரை நாள் வீணாகச் சுற்றினோம், கடல் அமைதியாகத்தான் இருந்தது" என்று கப்பல் கம்பெனிகள் மேலிடத்துக்கு எழுதிப் போட்டன. சுற்றிப் போன வழியில் அமைதியாகத்தான் இருந்திருக்கும், அதற்குத்தானே சுற்றச் சொன்னது! யார் கேட்டார்கள்? மேலிடம் ஆதாரத்தை வறுத்தெடுத்தது. மறுநாளே அவர் ஓர் உத்தரவு போட்டார்: கடலில் கட்டிவிட்ட அளவு மிதவையோ செயற்கைக்கோளோ கப்பலோ அளந்து சொன்னால் ஒழிய, இனி யாரும் 'கடும் கொந்தளிப்பு' என்று எழுதக் கூடாது. மீறினால் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை அடுக்கப் போக வேண்டியதுதான் என்று அலையக்காவிடம் தனியாகவும் சொல்லி வைத்தார்.

அவளுக்கு ஒரு தம்பி. பதினோரு வயது இளையவன். அம்மா படுத்த படுக்கையான பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டு, வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து ஆளாக்கியது அவள்தான். இப்போது சரக்குக் கப்பல் ஒன்றில் இரண்டாம் அதிகாரி. "எங்க அக்கா எழுதுனா கல்வெட்டு மாதிரி" என்று கப்பல் முழுக்கப் பீற்றிக்கொள்வானாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குக் கணக்கைப் போட்டுப் பார்த்தவள், நம்பாமல் இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டாள். தெற்கிலிருந்து வரும் நீண்ட அலை மறுநாள் விடியும்போது ஏழாம் கட்டத்துக்குள் நுழைகிறது. அங்கே அதற்கு நேரெதிராக ஒரு வேகமான நீரோட்டம். இரண்டும் மோதினால் அலை செங்குத்தாக எழும்பும். எட்டு மீட்டருக்குக் குறையாது. மேகம் ஒரு துளி இல்லை. அந்தக் கட்டத்து மிதவை பேட்டரி செத்து எட்டு மாதம் ஆகிறது. செயற்கைக்கோள் கடலை ஒரு கோடாகத்தான் தொட்டுவிட்டுப் போகும். அந்தக் கோடு இரண்டு நாளைக்கு ஏழாம் கட்டத்தில் விழாது. மறுநாள் காலை இரண்டு கப்பல்கள் அதற்குள் போக இருந்தன. ஒன்று இரும்புத் தாது ஏற்றிய கப்பல். இன்னொன்று தம்பியினுடையது.

தாளை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனாள்.

"ஆதாரம் எங்கம்மா?"

"நாளைக்கு வரப்போற அலைக்கு இன்னிக்கே எப்படி சார் ஆதாரம் கிடைக்கும்?"

"கிடைச்சதும் எழுதுங்க. யாரு வேண்டாம்னது?"

"அதுக்குள்ள கப்பல் உள்ள போயிடும் சார்."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க. கீழ்த்தளத்துல ஒரு நாற்காலி காலியாத்தான் இருக்கு."

அவள் சண்டை போட்டிருக்கலாம். எதிர்த்து நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். இருபத்தாறு வருடம் உட்கார்ந்த நாற்காலி அது. வாயை மூடிக்கொண்டு வந்து, 'ஏழாம் கட்டம்: மிதமான அலை, தெளிந்த வானம்' என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். பிறகு மாடிப்படிக்குப் போய், யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கப்பலில் இணையம் உண்டு என்பதால் தம்பிக்குக் கைபேசியில் எழுதினாள்: "ஏழாம் கட்டத்துக்குள்ள போகாத. கேப்டன்கிட்ட எப்படியாவது பேசித் திருப்பு. நான் சொன்னேன்னு வெளிய யாருக்கும் தெரியக் கூடாது. படிச்சதும் அழிச்சிடு."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "சரிக்கா. திரும்பிட்டோம்."

மாலை அறிக்கையிலும் ஏழாம் கட்டத்தில் மிதமான அலைதான். தாதுக் கப்பல் அவள் நினைவுக்கு வராமல் இல்லை. கேப்டன் அனுபவசாலியாக இருப்பார், கடலைப் பார்த்தே திரும்பிவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அன்று நன்றாகத் தூங்கவும் செய்தாள். அதற்காகத்தான் பின்னால் அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏழாம் கட்டத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. தாதுக் கப்பல் அனுப்பியது. அலை உயரம் ஒன்பது மீட்டர். ஆதாரம் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இப்ப இருக்கு பாருங்க ஆதாரம். தாராளமா எழுதுங்க."

அவள் 'கடும் கொந்தளிப்பு' என்று எழுதினாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஒன்பது மணிக்கு அறிக்கை கடல் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. மதியம் வர வேண்டிய தகவலைத் தாதுக் கப்பல் அனுப்பவில்லை. சரக்கறை மூடி உடைந்து, பத்து நிமிடத்தில் மூழ்கிவிட்டது என்று மாலையில் தெரிந்தது. இருபத்திரண்டு பேரில் பிழைத்தது நாலு பேர். அந்த மாதக் குறிப்பில், எச்சரிக்கை கப்பல் அளவீட்டோடு துல்லியமாகப் பொருந்தியதாக ஆதாரம் பெருமையாக எழுதினார். அலையக்காவைப் பாராட்டி ஒரு வரி வேறு.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தபோது தம்பி துறைமுகத்திலிருந்து பேசினான்.

"கரை சேர்ந்துட்டோம்க்கா. கேப்டன் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு."

"சாப்பிட்டியா?"

"அந்தக் கப்பல்ல இரண்டாம் அதிகாரி என்கூடப் படிச்சவன். ஒரே அறையில இருந்தோம். நம்ம வீட்டுக்குக்கூட வந்திருக்கான். நீ பரிமாறின."

அவளுக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போன பையன்.

"நாங்க திரும்புறதைப் பாத்துட்டு ரேடியோவுல கூப்பிட்டான். என்னடா, அறிக்கையில ஒண்ணுமில்லையே, ஏன் திரும்புறீங்கன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"நீ யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருந்தியேக்கா. இன்ஜின்ல கோளாறுன்னு சொன்னேன். அதுக்கு அவன், பாவம்டா நீங்க, பாத்துப் பத்திரமா போங்கன்னு சொன்னான்."